இரண்டு கட்டை எழும்பாத ஆர்மோனியம்

எங்கள் கோயில் (சர்ச்தான்) ஆர்மோனியத்தில் நடுவில் இரண்டு கட்டைகளை அழுத்தினால் எழும்பாது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது அதில்தான் வாசிக்கப் பழகினேன். அந்தச் சுரங்கள் வரும் இடத்தில் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுவேன். "ஏம்ல, பாட்டு திடீர்னு மாடிப்படி ஏறுது?" என்பார் பாடகர் குழுத் தலைவர்.

இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் வீட்டுப் பியானோவும் இப்படித்தான் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. 1935-இல் பிறந்தவர், பிறகு சோவியத் யூனியனோடு சேர்க்கப்பட்ட எஸ்டோனியாக்காரர். ராக்வெரே என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். வீட்டில் இருந்த பழைய பியானோவின் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்ததால் மேல் கட்டைகளிலும் கீழ்க் கட்டைகளிலும்தான் விளையாடியிருக்கிறார். ஊர்ச் சதுக்கத்துக் கம்பத்தில் கட்டிய குழாயில் ரேடியோ இசை வருமாம். அதைக் கேட்க சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவாராம். நம்ம ஊரில் அந்தச் சிரமமே கிடையாது. திருவிழாக் கொடி ஏறிவிட்டால் தென்னையில் கட்டிய குழாய் படுக்கைக்கே வந்து எழுப்பும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அவருடைய 'அலினாவுக்காக' என்ற பியானோத் துண்டைக் குழு வாட்ஸ்அப்பில் போட்டேன். "எல்கேஜி பிள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒருவர். "தூக்கம் வருது மக்கா" என்று இன்னொருவர். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளப் பதிவு.

அந்த மனுஷனுக்குக் கஷ்டமான இசை வராமல் இல்லை. 1960-இலேயே, ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக வரிசை போட்டு எழுதும் பன்னிரண்டு சுர முறையில் 'நெக்ரோலாக்' எழுதி, சோவியத் அதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். 1968-இல் 'க்ரேதோ'. பழைய ஜெர்மன் மேதை பாக்கின் சி மேஜர் பிரெலூடு என்ற பியானோத் துண்டை எடுத்து, அதை இரைச்சலுக்குள் தள்ளி நொறுக்கி, திரும்ப மீட்டுக்கொண்டு வருகிற படைப்பு. அதில் இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன் என்று லத்தீனில் பாட வைத்தார். அந்தக் காலத்தில், மதத்தை ஒடுக்கிய அந்த நாட்டில்! தடை வந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஏறக்குறைய மௌனம். இடையில் 1971-இல் மூன்றாம் சிம்பொனி ஒன்று. சாப்பாட்டுக்கு சினிமா இசை. மற்ற நேரமெல்லாம் கிரிகோரியன் என்னும் பழைய லத்தீன் கோயில் பாடல்களையும் பழைய பல்குரல் இசையையும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் குரல் மெட்டு எழுதி எழுதி நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். பேர் வாங்கிய ஒருவர் திரும்ப சரளி வரிசையில் போய் உட்கார்ந்த மாதிரி. நம்மில் யார் செய்வோம்? நான் ஒரு மாதம் வாசிக்கப் போகாவிட்டால் என் இடத்தில் வேறொரு பையன் உட்கார்ந்திருப்பான்.

அந்த மௌனம் உடைந்து 1976-இல் வந்ததுதான் 'அலினாவுக்காக'. முறை எளிது. ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும். இன்னொரு குரல் ஒரு கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின், மூன்று சுரங்களுக்குள்ளேயே நிற்கும், மணி மாதிரி. மணியோசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு 'டின்டினாபுலி' என்று பெயர் வைத்தார். இரண்டு குரலும் சேர்ந்தால் ஒரே குரல், ஒன்றும் ஒன்றும் ஒன்று என்பது அவர் கணக்கு. கோயில்பிள்ளை மணிக்கயிறை விட்ட பிறகும் ஓசை கொஞ்ச நேரம் நின்று தேயுமே, துக்கமணியில் அடுத்த அடிக்கு முன்னால் ஒரு இடைவெளி வருமே, அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாது என்றால் எப்படி?

அந்தத் துண்டில் இடது கை முழுக்க அந்த மூன்று சுரங்களை விட்டு நகராது, ஒரே ஒரு இடம் தவிர. அங்கே தாளில் ஒரு பூ வரைந்திருக்கிறார். எல்கேஜி பிள்ளை எங்கே பூ வரைய வேண்டும் என்று யோசிக்காது.

அலினா, அவருக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண். இங்கிலாந்துக்குப் போய்விட்டாள், அம்மா எஸ்டோனியாவில், சோவியத் பக்கத்தையும் மேற்கையும் பிரித்த இரும்புத்திரைக்குப் பின்னால். பாட்டைப் போட்டுவிட்டு இதைச் சொன்னபோது எங்கள் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மகள் ஜெர்மனியில் நர்ஸ். "போன் கிடையாதா அப்போ?" என்று கேட்டாள். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. "இன்னொருக்கா போடு" என்றாள். பூ வரைந்த இடம் வந்தபோது அவள் கை நின்றதா என்று கவனித்தேன். இல்லை, கீரைதான் ஆய்ந்துகொண்டிருந்தாள். கதை விட விருப்பமில்லை.

1980-இல் நாட்டை விட்டுக் கிளம்பி, வியன்னா போய், அப்புறம் பெர்லின். 1984-இல் இசிஎம் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்ட 'டாபுலா ராசா' இசைத்தட்டுதான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எனக்குப் பிடிக்காதது ஒன்றுண்டு: அவருடைய 'கண்ணாடிக்குள் கண்ணாடி'யை எந்த அழுகைக் காட்சி கிடைத்தாலும் பின்னணியில் ஓட்டிவிடுவது. தியானத்துக்கு, தூக்கத்துக்கு என்று பட்டியல் போட்டு விற்பது அதைவிட மோசம்.

நாங்களும் யோக்கியம் இல்லை. கீபோர்டில் ரிதம் பட்டனைத் தட்டிவிட்டு, இரண்டு வரிக்கு நடுவில் மூச்சு விட இடம் இருந்தால் அங்கேயும் ஒரு ஃப்ளூட்டைச் செருகுகிறோம். நற்கருணை வாங்கிவிட்டு ஜனம் முழங்காலில் இருக்கும்போதுகூட சும்மா இருக்கக் கை வராது.

இந்த ஞாயிறு அந்த நேரத்தில் ரிதத்தை அணைத்தேன். கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரம். அது தேயும்வரை காத்திருந்து அடுத்தது. மூன்றாவது சுரத்துக்குப் போவதற்குள் தலைவர் குனிந்து என் காதில் கேட்டார்: "என்ன மக்கா, கீபோர்டு ரிப்பேரா?"