வீடும் என்ரை, ஓடினதும் நான்

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டார்கள். ஆட்கள் வேறு, கேள்வி ஒன்று: "அக்கா, நான் வெளிக்கிட்டா வீடு அவருக்குப் போயிடுமோ?" அடி விழுகிறது என்பதைக்கூட அதற்குப் பிறகுதான் எழுதுகிறார்கள். யாரென்று தேடவேண்டாம், சொல்லமாட்டேன். என் கதையைச் சொல்கிறேன். ஏழு வருசத்துக்கு முதல் நானும் இதைத்தான் கேட்டேன்.

எங்கட ஊரில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை சூட்கேசோடு வருவார். அப்பா சீட்டுக் காசையும் கொழும்பில் கடை வைத்து உழைத்ததையும் போட்டுக் கட்டின வீடு, காணி உறுதி என் பேரில். அந்த வீட்டிலிருந்து இரவு பத்தரைக்குக் குசினிக் கதவால் செருப்பும் போடாமல் ஓடினது நான். அவர் உள்ளே ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமி படலையைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, ஆரும் பார்த்தவையே?"

அடுத்தநாள் பொலிஸ். எந்த நிலையம் என்று எழுதவில்லை. பெண்கள் சிறுவர் பிரிவு என்று ஒரு மேசை இருந்தது. "பிள்ளையளும் இருக்கு, சமாதானமாப் போங்கோ, நாங்கள் அவரைக் கூப்பிட்டு எச்சரிக்கிறம்." நான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். பேனையை வாங்கிவிட்டேன். கூட வந்த சித்திதான் கையைப் பிடித்தா. "என்ன எழுதியிருக்கெண்டு தெரியாமல் இவள் வைக்கமாட்டாள் தம்பி. தமிழும் இந்த நாட்டில அரசகரும மொழிதானே?" எட்டாம் வகுப்போடு நின்ற மனுசி. அரை மணித்தியாலத்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் வந்தார். முறைப்பாட்டு இலக்கத்தையும் சித்தியே கேட்டு வாங்கி, சேலைத் தலைப்பில் முடிந்தா.

இந்தச் சமாதானம் என்ற சொல்லில்தான் எனக்குக் கோபம். அம்மா, பெரியப்பா, பொலிஸ், கோயில் தர்மகர்த்தா எல்லாருக்கும் இது கைவசம் இருக்கிறது. காணிச் சண்டையில் சமாதானம் பேசலாம், எல்லைக் கதியாலை அரை அடி நகர்த்தலாம். அடிவாங்குகிறவள் எதை விட்டுக்கொடுக்கிறது? கிழமைக்கு மூன்று அடியை ஒன்றாக்கவோ?

"கோட்டுக்குப் போனால் குடும்பம் உடையும்" என்பார்கள். கோடு என்றாலே விவாகரத்து என்றுதான் எங்கட ஆட்களுக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் விவாகரத்துச் சட்டமே இல்லை. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில். இதற்குப் போவது நீதவான் நீதிமன்றத்துக்கு: யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, உங்களுக்கு எதுவோ அது. கேட்பது பாதுகாப்புக் கட்டளை. அவசரம் என்று நீதவானுக்குப் பட்டால் முதலில் இடைக்காலக் கட்டளை. 14 நாளுக்குள் விசாரணை. பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை கொடுக்கலாம், நீடிக்கவும் கேட்கலாம். மீறினால் ஒரு வருசம் வரை மறியல், அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். உங்களுக்காகப் பொலிஸே விண்ணப்பம் போடலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அதை அந்த மேசையில் ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கட்டளையில் ஒரு வரி வரலாம்: அவர் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது. அதாவது ஓடவேண்டியது நீங்களாக இருக்கத் தேவையில்லை.

சீதன வீடு உங்கள் பேரில் இருந்தால், நீங்கள் ஓர் இரவு வெளியே படுத்ததற்காக அது அவருடையதாகிவிடாது. ஆனால் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு வேறொரு முடிச்சு உண்டு. 1911 இல் எழுதின யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டம், மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருசன் எழுத்தில் சம்மதம் தரவேணும் என்றது. அவர் நியாயமில்லாமல் மறித்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்தைக் கேட்கவும் அதிலேயே வழி வைத்திருந்தது. முதல் பாதியைத்தான் ஊர் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. "வீட்டைவிட்டுப் போனால் நீதான் கைவிட்டுப் போனவள்" என்ற வெருட்டும் அப்படித்தான். அடித்து வெளியேற்றினவரைத்தான் கைவிட்டவராகச் சட்டம் பார்க்கும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். வருமானத்தை விசாரிப்பார்கள், தகுதி இருந்தால் இலவசம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். இரவில் என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. கதைத்து வழி கேட்கப் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவர் பார்க்கிற போன் என்றால் அடித்தபிறகு இலக்கத்தை அழித்துவிடுங்கள். உறுதி, கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சி எல்லாவற்றையும் படமெடுத்து நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வையுங்கள்.

வைத்தியசாலையில் மட்டும் பொய் சொல்லாதீர்கள். ஒருமுறை கை முறிந்து வாட்டில் மறித்தபோது கிணற்றடியில் வழுக்கினேன் என்றேன். அப்படியே எழுதினார்கள். பிறகு அவரின் சட்டத்தரணி கோட்டில் அதைத்தான் சத்தமாக வாசித்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து அறிக்கை எழுதியிருப்பார். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே நட்பு நிலையம் இருக்கிறது. சிங்களத்தில் மித்துரு பியச என்பார்கள்.

2019 இல் தொகைமதிப்புத் திணைக்களம் நாடு முழுக்க எடுத்த கணக்கில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருத்தி வாழ்நாளில் எப்போதாவது அவனால் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவள். எங்கள் ஒழுங்கையில் வீடுகளை எண்ணத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆலோசனை சொல்ல எனக்கு ஐம்பது பேர் இருந்தார்கள், கூட வர சித்தி ஒராள். அவ கோட்டிலும் வாங்கில் பக்கத்தில்தான் இருந்தா, ஒரு போத்தல் தண்ணியோடு. தெரிந்த ஒருத்திக்கு உதவவேணும் என்றால் அந்த வாங்கில் போய் இருங்கள்.

இடைக்காலக் கட்டளை கிடைத்த மூன்றாம் நாள் பொலிஸ்காரர் ஒருவரோடு உடுப்பெடுக்க வந்தார். கலியாணத்துக்குக் கொண்டுவந்த அதே சூட்கேஸ், ஒரு பூட்டு உடைந்துபோயிருந்தது. வாசலில் நின்று ரீவியையும் கேட்டார்.

அது அப்பா வாங்கினது என்றேன்.