நெல்மணியின் எடை யூரியாவிலிருந்து வருவதில்லை

"பயிருக்குச் சாப்பாடு யூரியாதான், வெயில் சும்மா சூட்டுக்கு" என்று மேலே போட்டிருக்கிறீர்களே அண்ணே, அது தப்பு. உரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நெல்மணிக்குள் இருக்கும் மாவுக்கு மூலம், காற்றிலுள்ள கரியமில வாயுவும் வேர் இழுத்த தண்ணீரும். வெயிலின் ஆற்றலில்தான் இலை அவற்றைச் சர்க்கரையாக்குகிறது. யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) அந்த இலையையும் பச்சையத்தையும் கட்ட உதவுகிறது, சமைப்பது வெயில்.

கதிர் பால் பிடிக்கும்போது மணிக்குச் சர்க்கரை அனுப்புவதில் பெரும்பங்கு உச்சியிலுள்ள கண்ணாடி இலைக்கு. அந்த நேரம் பார்த்து நாள்கணக்கில் வானம் மூடிக்கிடந்தால், எத்தனை மூட்டை கொட்டியிருந்தாலும் பதர்தான் கூடும். மப்பைப் பார்த்துவிட்டு இன்னும் யூரியா வீசினால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்துச் சாயும், குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கும் வசதி. சந்தேகமிருந்தால் வரப்போர மரநிழலில் நிற்கும் நெல்லில் ஒரு கதிரை உருவி நசுக்கிப் பாருங்கள், பதர் எவ்வளவு என்று தெரியும்.