சாயத்தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?

திருப்பூரில் இப்போது ஏற்றுமதியாளர் கூட்டம் எது நடந்தாலும் 'பசுமை' என்ற சொல் மேடையேறாமல் இருப்பதில்லை. காற்றாலை, மறுசுழற்சி நீர், மரக்கன்று என்று திரையில் படங்கள் ஓடுகின்றன. அவற்றில் பொய் இல்லை. சாயக்கழிவு நீரைச் சுத்திகரிப்பதில் இந்த ஊர் செய்துகாட்டியது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் அதற்கான செலவை யார் தலையில் கட்டினோம் என்ற பேச்சு மட்டும் எந்த மேடையிலும் எழுவதில்லை. பனியன் கம்பெனியில் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, போடும் வேலையில் இருக்கிறேன். ஒரு டி-ஷர்ட்டின் விலையில் எது ஏறுகிறது, எது ஏறாமலே அமுங்கிப்போகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

பழைய கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அதன் குறுக்கே ஓர் அணை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. கிணறுகளில் உப்பேறியது, ஆடு மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தன, வெள்ளாமை போயிற்று. அந்த அணைப் பாசனத்தை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகும் சாயத்தண்ணீர் ஓடியதால், 2011 ஜனவரி இறுதியில் சாயப்பட்டறை, சலவைப்பட்டறை அனைத்தையும் மூட உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் பூட்டப்பட்டன. சாயமிடத் துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பிய அந்த மாதங்களை ஊரில் ஒருவரும் மறந்திருக்க முடியாது.

இந்த ஊரைத் திருத்தியது விவசாயிகள்தான். தொழில் சங்கமோ அரசோ வெளிநாட்டு வாடிக்கையாளரோ தாமாக முன்வந்து எதுவும் செய்துவிடவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது அந்த ஆயக்கட்டுக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சாயத்தண்ணீரில் நிறத்தைவிடக் கொடியது உப்பு. பருத்தி நூலும் அதற்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும். அவற்றைச் சேர்த்துவைப்பது உப்பு. அடர் நீலமோ கறுப்போ வேண்டுமென்றால் லிட்டருக்கு 80 கிராம் வரைகூடப் போட வேண்டியிருக்கும். துணி அதில் எதையும் தன்னோடு எடுத்துப்போவதில்லை, அத்தனையும் தண்ணீரிலேயே நின்றுவிடும். நிறத்தை நுண்ணுயிர்த் தொட்டியிலும் வடிகட்டியிலும் போக்கிவிடலாம். உப்பை அப்படிப் போக்க முடியாது. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும்.

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்வது அதைத்தான். ஒரு நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு முனையில் கருநீலமாக, நுரை கட்டி, ஆவி பறக்க வந்து விழுகிற தண்ணீர், மறுமுனையில் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் நிறமே இல்லாமல் வருகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதே பட்டறைகளுக்குத் திரும்பிப் போகிறது. பிரித்தெடுத்த சோடியம் சல்பேட் உப்பும் ஈர மணல்போல மூட்டையில் விழுந்து மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. கடைசியாக மிஞ்சுவது கலப்பு உப்பு. அதை விற்கவும் முடியாது, கொட்டவும் முடியாது, கொட்டகைகளில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் விடை இல்லை. இருந்தாலும், இந்த அளவில் பூஜ்யக் கழிவு முறையைத் துணிந்து நடத்தும் ஊர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. எனக்கு அதில் பெருமை உண்டு.

அடுத்தது காசு. சவ்வை மாற்ற வேண்டும், மின்சாரம் வேண்டும், காய்ச்ச நீராவி வேண்டும், வங்கிக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். சொந்தச் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் பெரிய நிறுவனம் சமாளித்துக்கொள்ளும். பொது நிலையத்தை நம்பியிருக்கும் சிறு பட்டறைக்காரர், விடும் தண்ணீருக்கு ஏற்பக் கட்டணம் கட்டுகிறார். அதை ஈடுகட்ட, சாயமிட்டுத் தருவதற்கான ஜாப் ஒர்க் கூலியில் கிலோவுக்குச் சில ரூபாய் ஏற்றிக் கேட்டால், ஏற்றுமதியாளர் உதட்டைப் பிதுக்குவார்: "பையர் (வெளிநாட்டு வாடிக்கையாளர்) ஒத்துக்கொள்ள மாட்டார். பக்கத்துப் பட்டறையில் இதைவிடக் குறைவாகப் போடுகிறார்களே." அந்தப் பக்கத்துப் பட்டறை எப்படிக் குறைவாகப் போடுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மழை பெய்யும் இரவுகளில் சில ஓடைகளில் நிறம் ஓடுவதற்குக் காரணம் இந்தக் கேள்வியைக் கேட்காததுதான். ஒழுங்காக நடத்துகிறவர் நட்டப்படுவார், திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போவார் என்றால், எத்தனை அதிகாரிகளைப் போட்டாலும் எந்த ஆற்றையும் காப்பாற்ற முடியாது.

ஆகவே நான் சொல்வது இது. சுத்திகரிப்புச் செலவு, துணிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று, பில்லில் தனி வரியாக வர வேண்டும். பேரத்தில் குறைக்கக் கூடாத வரியாக வர வேண்டும். சாயப்பட்டறை பில்லில் தொடங்கி, ஏற்றுமதியாளரின் காஸ்டிங் தாளில் ஏறி, வெளிநாட்டு பையரின் மேசை வரை அது அப்படியே போக வேண்டும். முடியாத காரியம் என்பார்கள். மாதம் பிறந்தால் நூல் விலையை மில்கள் அறிவிக்கின்றன, நாமும் மறுநாளே பையருக்கு எழுதுகிறோம். நூலுக்கு எழுதத் தெரிந்த கைக்குத் தண்ணீருக்கு எழுதத் தெரியாதா? சங்கங்கள் கூடி முடிவெடுத்தால் ஒரு சீசனில் பழகிவிடும். தனியாக ஒருவர் செய்தால் ஆர்டர் போய்விடும், அதனால்தான் சேர்ந்து செய்யச் சொல்கிறேன்.

பையர் தரப்பின் நியாயத்தையும் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, துணிகளுக்கும் டிஜிட்டல் தயாரிப்பு பாஸ்போர்ட் வரப்போகிறது. ஒரு சட்டை எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான விவரங்களைக் கேட்பார்கள். கேட்கட்டும், நல்லது. ஆதாரம் கேட்கிறவர் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது என்ன நடந்தது? பையர் தள்ளுபடி கேட்டார். ஏற்றுமதியாளர் தையல் கூலியிலும் சாயக் கூலியிலும் பிடித்தார். சனிக்கிழமை சம்பளக் கவரில் ஷிப்ட் குறைந்தது. எந்தச் செலவும் கீழே இறங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்த்து லைன் வீட்டுக்கு வாடகை கட்டுகிற ஆளிடம் வந்து நிற்கிறது. பசுமைச் செலவும் அதே வழியில் இறங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

கட்டிங் வேஸ்ட் குடோன் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி வெட்டும்போது பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் துண்டுகளாக விழுகிறது. அது மூட்டை மூட்டையாகக் குடோனுக்குப் போகும். அங்கே பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து நிறம் பிரிக்கிறார்கள். வெள்ளை ஒரு குவியல், அதற்குத்தான் நல்ல விலை. கறுப்பு, சிவப்பு, நீலம் தனித்தனி. லேபிளையும் எலாஸ்டிக்கையும் கத்தரித்துப் போடுகிறார்கள். பருத்தியையும் பாலியஸ்டர் கலந்ததையும் விரலால் தேய்த்தே சொல்லிவிடுகிறார்கள். பிரித்ததை இயந்திரம் மீண்டும் பஞ்சாகக் கிழிக்கிறது, கழிவுப் பஞ்சை நூற்கும் ஓபன் எண்ட் மில்லில் நூலாகிறது, ஜமக்காளமும் துண்டும் கையுறையும் ஆகிறது. சிவப்புத் துண்டிலிருந்து வரும் நூல் சிவப்பாகவே வருகிறது, அதற்குச் சாயம் வேண்டாம், உப்பு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கோடிகள் செலவழித்துச் சுத்திகரிக்கிற கழிவை இந்தப் பெண்கள் உருவாகவே விடாமல் தடுக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது தினக்கூலி. முகக்கவசம்கூட இல்லாமல் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பசுமைத் தொழிலாளர் என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதானால் முதலில் இவர்களுக்குக் கொடுங்கள், கூடவே பி.எஃப்., இ.எஸ்.ஐ. கொடுங்கள்.

இந்தத் தொழிலை ஊரிலேயே வளர்த்தால் காசும் ஊரிலேயே சுற்றும். இப்போது நம் கழிவுத்துணியில் ஒரு பகுதி ஹரியானாவின் பானிபட் வரை போகிறது. கம்பெனியிலேயே நிறவாரியாகப் பை வைத்து வெட்டுத்துண்டைப் பிரிப்பதற்குப் பெரிய முதலீடு ஒன்றும் வேண்டாம்.

காற்றாலைப் பெருமையில் மட்டும் எனக்கு ஒரு மனத்தடை உண்டு. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் சுற்றும் காற்றாலைகள் மின்சாரம் தருகின்றன, சரி. ஆனால் சாயத்தொட்டிக்கும் உப்பு காய்ச்சவும் வேண்டியது நீராவி. அதற்கு பாய்லரில் எரிவது பெரும்பாலும் விறகு, சில இடங்களில் நிலக்கரி. ஆற்றைக் காக்கப் புகை விடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, உப்புக் குறைவாகக் கேட்கும் சாயங்களுக்கு மாறுகிறவர்களுக்கு அந்தத் தனிக் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம். உப்பு குறைந்தால் காய்ச்சும் வேலை குறையும், விறகும் குறையும்.

ஊரின் மற்ற கணக்குகளும் இருக்கின்றன. நொய்யலில் இன்று ஓடுவதில் பெரும்பகுதி கோவையும் திருப்பூரும் விடுகிற சாக்கடை, அதற்குப் பட்டறைகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஊர்க்குப்பையைப் பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்துச் சுற்றுக் கிராமங்கள் போராடுவதில் முழு நியாயம் இருக்கிறது. ஒரத்துப்பாளையத்துக்குச் செய்ததையே மறுபடி அவர்களுக்குச் செய்கிறோம். நல்லதும் நடக்கிறது: 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் நட்ட மரங்கள் நிழல் தருகின்றன. நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் நண்பர்கள் பலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். அடுத்த ஸ்டைலுக்கு காஸ்டிங் அனுப்பும்போது, துணி விலைக்குள் புதைந்திருக்கும் சுத்திகரிப்புக் கட்டணத்தை வெளியே எடுத்துத் தனி வரியில் எழுதி அனுப்பிப் பாருங்கள். தொகையை ஏற்றச் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரிய வைக்கத்தான் சொல்கிறேன். பையர் என்ன பதில் எழுதுகிறார் என்பதைப் பெயர் போடாமல் இங்கே பின்னூட்டத்தில் பகிருங்கள். பத்துப் பதில் சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு நானே சங்கத்தில் போய்ப் பேசுகிறேன்.