அது எரிமலைக் குழம்பு அல்ல, பாறைப் பனியாறு

"சுவிஸ் ஆல்ப்ஸில் எரிமலைக் குழம்பு கல்லாகி நிற்கிறது, மறுபடி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்" என்று, வரிவரியாகச் சுருங்கிய கற்குவியல் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தகவல் தவறு. சுவிஸ் ஆல்ப்ஸில் உயிருள்ள எரிமலையே கிடையாது.

படத்தில் இருப்பது எங்கடின் பகுதியில், கோர்வாச் மலைச்சரிவில் உள்ள மூர்த்தெல் பாறைப் பனியாறு. செங்குத்துப் பாறைகளிலிருந்து உடைந்து விழுந்த கற்கள் மேலே சுமார் 3 மீட்டருக்குக் கிடக்கின்றன. அதற்குக் கீழே பனிக்கட்டி. 1987இல் இங்கே 58 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தபோது அது நேரடியாகவே தெரிந்தது. தன் எடையாலேயே இந்தப் பனி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே நகர்கிறது. சரிவு குறையும் இடத்தில் முன்பகுதி மெதுவாகிவிட, பின்னால் வருவது நெருக்குகிறது. மேலே கிடக்கும் கற்களும் சேர்ந்து மடிகின்றன. அந்த மேடுபள்ளங்கள்தான் படத்தில் தெரியும் சுருக்கங்கள். பார்க்க எரிமலைக் குழம்பு போலத்தான் இருக்கும், அதனால் ஏமாந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

சந்தேகம் இருந்தால் 'பெர்மோஸ்' என்ற சுவிஸ் நிலத்தடி உறைபனிக் கண்காணிப்பு அமைப்பின் இணையதளத்தில் இந்த இடத்தின் வெப்பநிலைப் பதிவுகளைப் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் குழுவில் வந்திருந்தால் இந்த விளக்கத்தை அங்கே போடுங்கள்.