நாய் வளர்க்கும் வீட்டில் வேலை யாருக்கு?

எங்கள் சீசரின் படத்தைப் போட்டால் போதும், "நாங்களும் ஒரு குட்டி வாங்கப்போறோம்" என்று இன்பாக்ஸில் யாராவது வந்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் படத்தில் வராதவற்றையும் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சீசர் லாப்ரடார், ஏழு வயது. அவன் மேல் எனக்குப் பாசம் அதிகம். அந்தப் பாசம் இருக்கிறவள் சொன்னால்தான் இதெல்லாம் காதில் ஏறும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முடி. கனடாவின் குளிர்ந்த கடலோரத்தில் மீனவர்களோடு தண்ணீரில் இறங்கி வேலை செய்த நாய்களின் வழியில் வந்த இனம் இது. உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். சென்னை வெயிலில் அது வருஷம் பூராவும் உதிர்கிறது. பெருக்கி முடித்துவிட்டு மின்விசிறியைப் போட்டால் கட்டிலுக்கு அடியிலிருந்து முடி உருண்டு வருகிறது. மாவு அரைக்கும்போது கிரைண்டர் பக்கம் அவனை விடவே முடியாது. குட்டை முடி நாய் என்றால் தொல்லை இல்லை என்று விற்கிறவர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். குட்டை முடி துணிக்குள் ஊசி மாதிரி செருகிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது.

முடியாவது கண்ணுக்குத் தெரிகிறது. உண்ணி அப்படி இல்லை. நாயைக் குளிப்பாட்டி, மருந்து போட்டால் உண்ணி போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை, நம் வீட்டுச் சுவரில் கழிக்கிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கி, ஏதாவது ஒரு விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். குஞ்சு வந்து நாயில் ஏறும், குடிக்கும், விழும், தோல் உரிக்கும், மறுபடி ஏறும். சுவரில் மேலே ஏறிப் போகிற பழக்கமும் அதற்கு உண்டு. போன கோடையில் பூஜை அறையில் முருகன் படத்தைத் துடைக்கக் கழற்றினேன். சட்டத்தின் பின்பக்கம், மூலையில், கடுகு அளவில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அன்று வீட்டிலுள்ள எல்லாப் படங்களையும் இறக்கினோம்.

இது அருவருப்போடு முடிகிற விஷயமும் இல்லை. உண்ணி கடித்தால் நாய்க்குக் காய்ச்சல் வரலாம். டெங்கு சமயத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்டோமே, அதே பிளேட்லெட் இதிலும் இறங்கும். ஈறு வெளுக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். வாரக்கணக்கில் மாத்திரை கொடுக்க வேண்டும். ஆகவே தினமும் காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்ததை நசுக்காமல் இடுக்கியால் பிடித்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவு, கற்பூரம் கரைத்துப் பூசு என்று சொல்கிறவர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். நாய் அதை நக்கும், விஷம் உள்ளே போகும்.

அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் விடிகாலை ஐந்தரைக்குக் குடையோடு தெருவில் நிற்பது என் வேலை. சீசருக்குத் தேங்கிய தண்ணீரில் கால் வைக்கப் பிடிக்காது. அடக்கிக்கொண்டு நிற்பான், நானும் நிற்பேன். அவன் போனதைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு வந்து போட வேண்டும். அதை அள்ளாமல் போகிறவர்களால்தான் நாய் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெருவில் திட்டு விழுகிறது. வீடு திரும்பியதும் துவட்டல். ஈர நாயின் நாற்றம் அழுக்கால் மட்டும் வருவதில்லை, தோலில் இருக்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற வாடை ஈரம் பட்டதும் கிளம்புகிறது. அதனால் முந்தின நாள்தான் குளிப்பாட்டியிருந்தாலும் அது வரும். ஜன்னலைத் திறக்கவும் முடியாத மழை நாளில் அந்த வாடையோடுதான் சமைக்கிறோம்.

உறவினர்கள் வருகிற நாளில் எனக்கு உட்கார நேரமிருக்காது. பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம், அவர்களுக்காக இவனை அறையில் அடைத்தால் கதவைப் பிராண்டிக் கத்துவான். பிரியமானவர்கள் இன்னொரு பக்கம், அவர்களால்தான் ஆபத்து அதிகம். "பாவம், பாக்குது பாருங்க" என்று சர்க்கரைப் பொங்கலை உருட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் உலர்திராட்சை இருக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெங்காயம் ரத்த அணுக்களை அழிக்கும். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். இதை ஒவ்வொரு விருந்திலும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் முகம் சுளிப்பவர்களும் உண்டு.

தீபாவளிக்குக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று அரசு அறிவிக்கிறது. எங்கள் தெருவில் அதை யாரும் பார்ப்பதில்லை. அன்று முழுவதும் சீசர் குளியலறையை விட்டு வெளியே வருவதில்லை.

ஊருக்குப் போவது இன்னும் கஷ்டம். ரயிலில் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் அல்லது நான்கு பேர் அறை முழுவதும் நம் பெயரில் இருக்க வேண்டும். அது கிடைத்ததா என்று சார்ட் தயாரான பிறகுதான் தெரியும். இல்லையென்றால் கார்டு பெட்டியோடு இருக்கிற கூண்டு. அதில் அவனை விட எனக்கு மனம் வரவில்லை. அதனால் திருநெல்வேலிக் கல்யாணங்களுக்கு வீட்டில் ஒருவர் போகாமல் தங்கிவிடுகிறோம்.

அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். நான் சொல்ல வந்ததே இதுதான். நாயைக் கேட்பது பிள்ளைகள், வாங்கிக் கொடுப்பது அப்பா, பார்த்துக்கொள்வது அம்மா. எங்கள் வீட்டில் அழுது கேட்ட மகன் இன்று கோவையில் படிக்கிறான், வீடியோ காலில் கொஞ்சுகிறான். வீட்டுக்காரர் சீசரோடு விளையாடுவார். முடி, உண்ணி, மழை, மாத்திரை நான்கும் என்னிடம். தெரிந்த பல வீடுகளிலும் இதே கதை. அந்த ஒருத்திக்கு முடியாமல் போகிற நாளில்தான் "யாராவது நாய் எடுத்துக்கிறீங்களா" என்கிற பதிவுகள் வருகின்றன. அதற்கும் மனமில்லாதவர்கள் தெருவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த நாய் தெருவில் என்ன செய்யும்? குழந்தையின் பிறந்தநாள் பரிசாகக் குட்டி வாங்குவதை நான் எதிர்ப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்கா மகளுக்கு ஹஸ்கி வேண்டுமாம். "சித்தி, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க" என்றாள். பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனத்தை இந்த ஊர் வெயிலில் கொண்டுவந்து வாட்டாதே, வேளச்சேரி சாலையில் இருக்கிற ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகத்தில் நாட்டுக் குட்டிகள் இருக்கின்றன, போய்ப் பார் என்றேன். காலையில் யார் கூட்டிக்கொண்டு போவது என்றும் கேட்டேன். "நான்தான்" என்றாள். அவள் அடுத்த வருஷம் பிளஸ் டூ. அத்தான்தான் கடைசியில், "நான் போறேன்மா" என்றார். அப்படியானால் முதலில் சீசரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். ஒரு வாரமாகச் சரியாக ஐந்தரைக்கு வந்து நிற்கிறார், உண்ணி எடுக்கவும் கற்றுக்கொண்டார். இப்போது புரட்டாசி. ஐப்பசி மழையிலும் வரட்டும், அப்புறம் குட்டியைப் பற்றிப் பேசலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.