ஒரு ஃபைலில் தவறு என்றால் இரண்டு நோயாளிகளைத் தேடுங்கள்

ஆஸ்பத்திரியில் ஒருவருடைய ஃபைலுக்குள் வேறொருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கிடப்பது தெரியவந்தால் வழக்கமாக என்ன நடக்கிறது? அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டு, "மாறி வந்துடுச்சும்மா, ஒண்ணுமில்ல" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். விஷயம் அங்கே முடியவில்லை. அந்த ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரர் எங்கோ ஒரு வார்டில் படுத்திருக்கிறார். அவருடைய பொட்டாசியம் 6.8 என்று, அதாவது ஆபத்தான அளவுக்கு அதிகமாக, அதில் இருந்தால், உடனே பார்க்க வேண்டிய டாக்டர் கண்ணில் அது படவே இல்லை. ஆள் மாறிய எந்தத் தவறிலும் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைந்தது இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்காமல் செய்கிற எதையும் திருத்தம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தவறு பெரும்பாலும் பதிவு கவுன்ட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய நாலு விதம் இருக்கிறது. வயதைக் கேட்டால் "நாப்பத்தஞ்சு இருக்கும்" என்பார்கள். கணினி பிறந்த தேதி கேட்கும், ஊழியர் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார். இப்படி ஜனவரி 1 கூட்டம் சேரச் சேர, பிறந்த தேதியை வைத்து ஆளைப் பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

இதைவிடச் சிக்கலானது செல்போன் எண். வீட்டில் நாலு பேருக்கும் மகனுடைய எண்ணைத்தான் கொடுக்கிறோம். எண்ணைத் தட்டியதும் திரையில் நாலு பெயர் வரும். வரிசை வாசல்வரை நிற்கிறது. அவசரத்தில் முதல் பெயரை கிளிக் செய்தால், மருமகள் இன்று வந்தது மாமியாரின் நோயாளி எண்ணில் (ஆஸ்பத்திரி ஒவ்வொருவருக்கும் போடும் பதிவு எண்) ஏறிவிடும். மருமகளின் ரத்த வகை, பென்சிலின் அலர்ஜி, ஸ்கேன் எல்லாம் மாமியார் கணக்கில். இரவலாக வாங்கி வந்த காப்பீட்டு அட்டையில் சிகிச்சை எடுத்தாலும் இதே கதிதான். பணம் மிச்சமாகலாம், ஆனால் அட்டைக்காரரின் பதிவில் அவருக்கு இல்லாத வியாதி நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

ஒரே ஆளுக்கு இரண்டு நோயாளி எண் விழுவதும் தவறுதான். பழைய விவரம் டாக்டருக்குத் தெரியாமல் போகும். ஆனால் அதை எண்களை இணைத்துச் சரிசெய்துவிடலாம். இரண்டு ஆட்கள் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. அதனால் கவுன்ட்டர் ஊழியருக்கு நான் சொல்வது: சந்தேகமாக இருந்தால் புது எண் போடுங்கள், உத்தேசமாகப் பழைய எண்ணில் ஏற்றாதீர்கள்.

தடுக்கும் வழியில் முதலாவதுக்குச் செலவே கிடையாது. "நீங்கதானே முருகன்?" என்று கேட்கக் கூடாது. காது கேட்காதவர், மயக்கத்தில் இருப்பவர், டாக்டரைப் பார்த்தாலே பயப்படுகிறவர் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் வருவதை, மணிக்கட்டில் பெயர் போட்டுக் கட்டியிருக்கும் கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்கச் சொன்னது, அறை எண் அதில் சேராது என்றும் சொன்னது. நாமோ இன்னும் "12-ஆம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சா?" என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். காலையில் 12-இல் இருந்தவர் மதியம் 9-க்கு மாறியிருப்பார்.

ரத்தம் எடுக்கும்போது ஸ்டிக்கர் எப்போது ஒட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நர்ஸ் ஸ்டேஷனிலேயே ஆறு குழாய்களுக்கும் பெயர் ஒட்டி ட்ரேயில் எடுத்துக்கொண்டு கிளம்புவது வேகமாகத் தெரியும். வழியில் ஒரு நோயாளி பாத்ரூம் போயிருந்தால் வரிசை தப்பிவிடும், அடுத்தவர் ரத்தம் அவர் குழாயில் இறங்கும். ரத்தம் எடுத்தபின், கட்டிலருகிலேயே, கைப்பட்டையைப் பார்த்து ஒட்ட வேண்டும். பார்கோடு இருக்கிறதே என்று நம்ப முடியாது. குழாயில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்கோடு சொல்லும், உள்ளே யார் ரத்தம் என்று அதற்குத் தெரியாது.

இந்தத் தவறு ரத்தம் ஏற்றும்போது உயிரையே வாங்கும். ஓ வகைக்காரருக்கு ஏ வகை ரத்தம் கொஞ்சம் ஏறினாலே ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். முன்பு ரத்த வகை பார்த்த பதிவு இல்லாதவரிடம், வேறொரு நேரத்தில் தனியாக எடுத்த இரண்டாவது மாதிரியையும் பார்த்துவிட்டுத்தான் வகை பொருந்திய ரத்தம் தர வேண்டும். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் 2012-லிருந்தே இதைச் சொல்கின்றன. அவசரமென்றால் அதுவரை ஓ வகை ரத்தம் கொடுக்கலாம். ஒரே குத்தலில் எடுத்து இரண்டு குழாயில் ஊற்றினால் அது இரண்டாவது மாதிரி ஆகாது. தவறு இருந்தால் இரண்டிலும் அதே தவறுதான் இருக்கும்.

விபத்தில் பெயர் தெரியாமல் வருகிறவருக்கு ஒரு தற்காலிக எண் கொடுக்கிறோம். சொந்தக்காரர்கள் வந்து பெயர் சொன்னவுடன் அதை மாற்றத் துடிக்காதீர்கள். ரத்த வங்கியில் அவருக்காகப் பொருத்தம் பார்த்து வைத்திருக்கும் பைகள் எல்லாம் தற்காலிக எண்ணில் இருக்கின்றன. கைப்பட்டையை நடுவில் மாற்றினால் பையும் ஆளும் பொருந்தாது. நெருக்கடி தணிந்தபின், புது மாதிரி எடுத்துவிட்டு மாற்றலாம்.

இனி, கலந்துபோனதைத் திருத்துவது. முதல் வேலை கணினியில் இல்லை. இரண்டு நோயாளிகளையும் பார்க்கும் டாக்டர்களுக்குப் போன் செய்து, தவறான முடிவை நம்பி மருந்தோ அறுவை சிகிச்சையோ நடந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெயர் மாறிய ரத்த மாதிரிக் குழாய்க்குப் புது ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது; கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். பிறகு அந்தப் பதிவைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு வரியையும் அது எங்கிருந்து வந்ததோ அங்கே போய்ச் சரிபார்க்க வேண்டும்: லேப் பதிவேடு, எக்ஸ்ரே சர்வர், மருந்தகம், பில், காப்பீட்டுக் கோரிக்கை, ஏற்கெனவே கைக்குப் போன டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபா எண்ணில் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) இணைந்த நகல். பிரித்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. காகிதமென்றால் படிக்கும்படி ஒரே கோடு அடித்து, தேதி, நேரம், கையெழுத்து. ஒயிட்னர் தொடவே கூடாது. கணினியென்றால் யார் எப்போது மாற்றினார் என்ற தடம் நிற்க வேண்டும். நடந்ததை இரண்டு குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும். பல இடங்களில் தயங்குவது இதற்குத்தான், ஆனால் அலர்ஜி மாறிப் பதிவானவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

நோயாளி பக்கமும் வேலை இருக்கிறது. ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் கொடுங்கள். பட்டையை வெட்டினால் உடனே புதிது கட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், வயது, ரத்த வகை, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதை வாசலைத் தாண்டும் முன் படியுங்கள். பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். தவறு இருந்தால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

பிரசவமென்றால் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை அது "லட்சுமியின் குழந்தை"தான், ஒரே வார்டில் மூன்று லட்சுமி இருக்கலாம். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே எண் போட்ட பட்டை, பிரசவ அறையை விட்டு வெளியே வரும் முன்பே. இரட்டையர் என்றால் முதலாவது, இரண்டாவது என்று பட்டையிலேயே இருக்க வேண்டும். பிறப்பைப் பதிவு செய்ய ஆஸ்பத்திரி அனுப்பும் படிவத்தில் தாய், தந்தை பெயர்களை அது கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் வந்தபின் ஒரு எழுத்தை மாற்ற, பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் ஆவணங்களோடு போய் நிற்க வேண்டிவரும்.