பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளாது

“நாய் என்றால் வேலை அதிகம். பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.” பூனை வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லாத ஆளே இல்லை. குளிப்பாட்ட வேண்டாம், விடியற்காலையில் தெருவுக்கு அழைத்துப் போக வேண்டாம், குரைத்துக் குரைத்துப் பக்கத்து வீட்டோடு சண்டை மூட்டாது. எல்லாம் சரிதான். ஆனால் நம் ஊரில் பூனைகள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் பிறக்கிறது என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பூனை பிடிக்காதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம், வருத்தப்பட மாட்டேன்.

தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், வாடகைக்கு இருக்கிறோம். கறுப்பி, துரை என்று இரண்டு நாட்டுப் பூனைகள். கறுப்பிக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. துரை செம்மஞ்சள் நிறம். வீட்டில் யார் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். செம்மஞ்சள் பூனைகளில் பெரும்பாலானவை ஆணாக இருப்பதற்கும், மூன்று நிறம் கலந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே: அந்தச் செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு அது ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. இதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் விளக்குவதில் எனக்கு அலாதி இன்பம். அவர்கள் காபி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மகிழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. குட்டி தாயைப் பார்த்துக் கத்தும். வளர்ந்த பிறகு அந்தக் குரலை மனிதர்களுக்காகவே வைத்துக்கொள்கிறது. கறுப்பியிடம் பசிக்கு ஒரு குரல், மூடிய கதவுக்கு ஒரு குரல், எந்தக் காரணமும் இல்லாமல் இரவு இரண்டு மணிக்குக் கூடத்தின் நடுவில் நின்று எழுப்பும் ஒரு குரல் என்று தனித்தனியாக உண்டு. நம்மைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்தால், நம்மிடம் பயமில்லை என்று பொருள். நாமும் அதேபோல் செய்தால் பூனை பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறது, நம்மை நோக்கி வரவும் செய்கிறது என்று பிரிட்டனில் நடத்திய ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. என் மாமியார் எந்த ஆய்வையும் படித்ததில்லை. மாலையில் தொலைக்காட்சித் தொடருக்கு நடுவே துரையோடு கண் சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பூனை குறுக்கே வந்தால் ஆகாது என்று முதலில் பிடிவாதமாக இருந்தவரும் அவர்தான். வீட்டுக்குள் இரண்டு பூனைகள் இருந்தால் நாள் முழுவதும் குறுக்கேதான் போகும். சகுனம் பார்த்தால் அடுப்படிக்குக்கூடப் போய்ச்சேர முடியாது என்பது அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

மீன் கழுவும்போது துரை வந்து உட்காரும் பணிவைப் பார்த்தால் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம்தான் நினைவுக்கு வரும். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனையும், அதை நம்பிப் பக்கத்தில் கூடிய எலிகளும் அங்கே இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் அதைச் செதுக்கிய சிற்பி வீட்டில் நிச்சயம் ஒரு பூனை இருந்திருக்க வேண்டும்.

சரி, கவலைகளுக்கு வருகிறேன். ‘தானே பார்த்துக்கொள்ளும்’ என்பதன் முதல் பலி அதன் சாப்பாடு. மிச்சமான தயிர்ச்சோற்றை வைத்தால் போதும், ஒரு தட்டில் பால் ஊற்றினால் போதும் என்று இன்னமும் நினைக்கிறோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். அதைவிட முக்கியமானது, பூனை இறைச்சி தின்றே தீர வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தை அதனால் தன் உடலிலேயே போதுமான அளவு உருவாக்கிக்கொள்ள முடியாது. மீனிலும் இறைச்சியிலும்தான் அது கிடைக்கும். நீண்ட நாள் அது இல்லாமல் போனால் கண் பார்வை கெடும், இதயம் பலவீனமாகும். “எங்கள் வீட்டுப் பூனை சுத்த சைவம்” என்று பெருமையாகப் படம் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் உணவு உங்கள் விருப்பம். அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. வீட்டுக்குள் மீன் கூடாது என்றால் டாரின் சேர்த்த பூனை உணவு கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதுவும் முடியாது என்றால் கிளி வளர்க்கச் சொல்லவும் மனம் வரவில்லை. கூண்டு எனக்குப் பிடிக்காது. செடி வளர்க்கலாம். அதிலும் லில்லி வேண்டாம், ஒருவேளை பக்கத்து வீட்டுப் பூனை வந்து கடித்தால் சிறுநீரகமே போய்விடும்.

இரண்டாவது, நோயை மறைக்கும் அதன் குணம். நாய்க்கு வலித்தால் ஊரைக் கூட்டிவிடும். பூனை கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாமும் ‘அது மூட் அப்படி’ என்று விட்டுவிடுவோம். ஆண் பூனை வளர்க்கிற எல்லோரும் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மலசலம் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டில் மறுபடி மறுபடி போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்து, சிறுநீர் வராமல் திரும்பினால் அது மலச்சிக்கல் அல்ல. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அன்றிரவே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். துரையை அப்படித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம், பிழைத்தது. அன்றிலிருந்து அது தட்டில் நனைத்துவிட்டுப் போன மணல் கட்டியைக் கண்டால் எனக்கு வரும் நிம்மதியை வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

காய்ச்சல் அடிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அன்பினால்தான் கொடுக்கிறார்கள். நமக்குச் சாதாரணமான ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. தடுப்பூசி விஷயமும் அப்படித்தான். “வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி?” என்கிறார்கள். பூனைகளுக்கு வரும் பார்வோ வகை நோயின் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பூனை வெளியே போக வேண்டியதில்லை, நம் செருப்பு போய்வந்தால் போதும். குட்டிகளுக்கு வந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கிச் சில நாட்களில் உயிரே போய்விடும். எட்டு வாரக் குட்டிக்கு முதல் ஊசி, பிறகு சில வார இடைவெளியில் அடுத்தவை, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்கான ஊசி. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், பொறுமையோடு போக வேண்டும். சிறிய ஊர்களில் நிலைமை கடினம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்ப்பதே பெரிய வேலையாக இருக்கும் இடத்தில் பூனையைத் தூக்கிக்கொண்டு போனால் வரிசையில் நிற்பவர்களே சிரிப்பார்கள்.

மாடி வீடு என்றால் பால்கனிக்கு வலை போடாமல் பூனை கொண்டுவரக் கூடாது. விழும்போது உடலைத் திருப்பிக் காலில் இறங்கும் திறமை உண்மைதான். அந்தத் திறமையோடுதான் தாடை உடைந்தும் கால் முறிந்தும் பூனைகள் மருத்துவமனைக்கு வருகின்றன. ஒரு புறாவைப் பார்த்ததும் மூன்றாவது மாடியில் இருக்கிறோம் என்பது அதற்கு நினைவிருப்பதில்லை.

என் மனத்தை அதிகம் அரிப்பது கருத்தடை விஷயம்தான். பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். ஒரு வருடத்தில் ஒரு வீட்டில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். “பாவம், ஒரு முறையாவது தாயாகட்டும்” என்று சொல்லும் அதே கை, இரண்டு மாதம் கழித்துக் குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்து இருட்டிய பிறகு மீன் மார்க்கெட் வாசலில் விட்டுவிட்டு வருகிறது. ஒரு முறை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பிற்காலத்தில் மார்புப் புற்று வரும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு சாம்பல் நிறத் தெருப்பூனை குட்டி போட்டது. பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இதுவும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு படிக்கட்டு, ஜெனரேட்டர் அறை, ஒருவருடைய பழைய சோபா என்று சுற்றியது. தென்கலை வைணவர்கள் சரணாகதிக்குப் பூனைக்குட்டியை உவமையாகச் சொன்னார்கள்: குட்டி எதுவும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும் என்று. தாயை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் வந்தது. பிடித்து வண்டலூர் தாண்டி விட்டுவிடலாம் என்றார்கள். விட்டால் அங்கே பழக்கமில்லாத இடத்தில் அது பட்டினி கிடக்கும்; இங்கே குப்பைத் தொட்டி இருக்கும் வரை வேறொரு பூனை வந்து சேரும். அறுவை சிகிச்சை செய்து, காது நுனியில் அடையாளம் வெட்டி, இங்கேயே விடுவதுதான் வழி என்று வாதாடினேன்.

செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். இதயங்கள் நிறைய வந்தன. பணம் வரவில்லை. கடைசியில் கதவைத் தட்டி ஆயிரம் ரூபாய் தந்தவர், பூனையைக் கண்டாலே முகம் சுளிக்கும் தரைத்தளத்துப் பெரியவர். “இனிமேல் ராத்திரியில் கத்தாது அல்லவா, அம்மா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று முதல் பூனைப் பிரியர்களைவிட அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். அவருக்குத் தெரிந்திருக்கிறது, இந்தப் பூனைகள் நம் பிரச்சினை என்று. இதயம் போட்டவர்களுக்கு அவை வெறும் படம்.

பணம் கொடுத்துப் பெர்சியன் வாங்குகிறவர்களிடம் ஒரு கேள்வி. சித்திரை வெயிலில், மின்வெட்டில், அந்த முடிக்கம்பளத்தோடு அது என்ன செய்யும்? தட்டையான முகத்தால் மூச்சுத் திணறும், கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும், தினமும் சீவாவிட்டால் முடி சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். அந்த இனத்தில் பரம்பரையாகச் சிறுநீரக நீர்க்கட்டி நோயும் உண்டு. அலங்காரப் பொருளாக வாங்கி, சலித்ததும் தெருவில் விடப்பட்ட பெர்சியன்களை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் பிழைக்க அவற்றுக்கு எந்த வித்தையும் தெரியாது.

பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூனை முடி ஆஸ்துமா தரும் என்கிறார்கள். ஒவ்வாமை பெரும்பாலும் அதன் எச்சிலில் உள்ள ஒரு புரதத்தால் வருகிறது. ஒவ்வாமை உள்ளவர்கள் சோதித்துக்கொண்டு முடிவெடுக்கட்டும். வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் முதல் காரியமாகப் பூனையைத் துரத்துகிறார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கிருமி பூனையின் மலத்தில் வெளியேறியதும் உடனே தொற்றாது, ஒரு நாளாவது ஆக வேண்டும். கணவர் தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் அது வரும். அவற்றை யாரும் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ மட்டும் அலட்சியம் கூடாது. பூனைக்கும் வெறிநோய் வரும். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இதற்கு மேல் வாடகை வீட்டுக்காரர்களின் பாடு தனி. பிள்ளைகள் எத்தனை, சைவமா அசைவமா என்று கேட்டு முடித்த தரகர், பூனை என்றதும் கைப்பேசியை வேறு காதுக்கு மாற்றிக்கொள்வார். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமானால் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதைப் பொறுத்துத்தான் டிக்கெட். நல்ல கவனிப்பில் பதினைந்து வருடம் வாழக்கூடிய பிராணி. இன்று ஆசைப்படும் மகள் கல்லூரி முடித்து வெளியூர் போன பிறகும் அது உங்களோடுதான் இருக்கும்.

மொட்டை மாடிக் குட்டிகளில் இரண்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்று மூவண்ணப் பெண், மற்றது தாயைப் போலச் சாம்பல் நிற ஆண். முதல் ஊசி போட்டாயிற்று, மணல் தட்டுப் பழக்கமும் வந்துவிட்டது. வேண்டும் என்பவர்கள் பால்கனி வலையின் படத்தை உள்பெட்டியில் அனுப்புங்கள். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் பேசிவிட்டு வாருங்கள். ஐந்து மாதம் ஆனதும் கருத்தடை செய்து மருத்துவர் தரும் சீட்டை எனக்குக் காட்ட வேண்டும். பிறந்தநாள் பரிசாக யாருக்காவது கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கேட்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்பவர்களுக்கு முன்னுரிமை. தட்டும் ஒரு மூட்டை மணலும் நான் தருகிறேன்.